கையெழுத்துக்குப் பிறகும் அவர் மறுக்கலாம்

கேள்வி: காவேரிப்பட்டினத்தில் கல்யாண ஸ்டுடியோ நடத்துகிறேன். நெடுநாள் ஆசையில், கலை நோக்கோடு ஒரு நிர்வாணப் படத்தொடரைத் தொடங்கினேன். ஓசூரில் வேலை பார்க்கும், நாடகத்தில் நடித்துப் பழகிய 28 வயதுத் தோழி ஒருவர் மாடலாக வரச் சம்மதித்துப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டார். இரவில் ஷட்டரை இறக்கிவிட்டு, விளக்குப் பிடிக்க என் உதவியாளரை வைத்துக்கொண்டு எடுத்தோம். அரை மணி நேரத்தில் அவர் பேச்சு நின்றுபோனது, உடம்பு விறைத்துவிட்டது. இப்போது, முகம் தெரியும் ஆறு படங்களை அழிக்கச் சொல்கிறார். நன்றாக வந்தவை அவைதான். கையெழுத்து இருக்கும்போது அழித்தாக வேண்டுமா? அடுத்த முறை கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைகளில் எடுக்க நினைக்கிறேன். எப்படி நடந்துகொள்வது?

பதில்: அழித்துவிடுங்கள். தள்ளிப்போடாமல்.

அந்தப் பத்திரத்தை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். எடுக்கப்போகும் எல்லாப் படங்களுக்கும் எல்லா உரிமையும் தருகிறேன் என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். ஒரு படம்கூடப் பிறப்பதற்கு முன்னால் வாங்கிய கையெழுத்து அது. தன் முகம் எப்படி வரும் என்று தெரியாமல் கொடுத்த சம்மதத்தை, முகத்தைப் பார்த்த பிறகு அவர் திரும்பப் பெறுகிறார். இதில் துரோகம் எதுவும் இல்லை. நான் சம்மதத்தை இரண்டு முறை கேட்பேன். படம் எடுக்க ஒரு முறை. எடுத்தவற்றைச் சின்ன அளவில் அச்சிட்டு மேசையில் பரப்பி, எவை இருக்கலாம், எவற்றை யாருக்குக் காட்டலாம் என்று ஒவ்வொன்றுக்கும் மறுபடி ஒரு முறை. அவர் ஒதுக்கியதை ஏன் ஒதுக்கினீர்கள் என்று கேட்பதில்லை.

சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறது. எடுத்தவர் என்ற முறையில் பதிப்புரிமை உங்களுடையதாக இருக்கலாம். ஆனால் நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி, ஒரு பெண் இத்தகைய படத்தை எடுக்கச் சம்மதித்திருந்தாலும், பிறருக்குக் காட்டச் சம்மதிக்காத நிலையில் அதைப் பரப்பினால் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. ஆடையற்ற உடல் என்பதாலேயே ஒரு படம் ஆபாசமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது உண்மைதான். டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் தன் வருங்கால மனைவியோடு இருந்த படத்தை இங்கே மறுபதிப்புச் செய்த வழக்கு அது. ஆனால் அங்கே படத்தில் இருந்த இருவரும் விருப்பத்தோடு நின்றவர்கள். உங்கள் தோழி இந்த ஆறு படங்களிலிருந்து விலகிவிட்டார்.

அழிப்பதையும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள். மெமரி கார்டு, கணினி, மாற்றுப் பிரதி வைக்கும் ஹார்டு டிஸ்க், கைபேசி தானாகவே இணையச் சேமிப்பில் ஏற்றியிருக்கும் நகல், உதவியாளரின் கைபேசி எல்லாவற்றையும் திறந்து காட்டுங்கள். அழித்த கார்டிலிருந்து படத்தை மீட்டெடுக்க முடியும் என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் கார்டையே அவரிடம் கொடுத்துவிடலாம். மீதமுள்ள படங்களையும், கல்யாண ஆல்பம் போல வெளியே டிசைனுக்கு அனுப்பாதீர்கள். மெருகேற்றும் வேலை முழுவதும் உங்கள் கையாலேயே நடக்க வேண்டும்.

அவர் ஏன் விறைத்துப்போனார் என்பதற்கான விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இரவு. இறக்கிய ஷட்டர். இரண்டு ஆண்கள். கனமான இரும்பு ஷட்டரை உள்ளிருந்து தானே தூக்கித் திறக்க முடியாத ஒருவர், நினைத்தபோது வெளியேற முடியாத இடத்தில் நிற்கிறார். உங்கள் மனத்தில் தப்பான எண்ணம் இல்லாமல் இருக்கலாம். அவர் உடம்புக்கு அது எப்படித் தெரியும்? ஒகேனக்கலில் எண்ணெய் தேய்த்துவிடுபவரிடம் முன்பின் அறியாதவர்கள் தயங்காமல் முதுகைக் கொடுக்கிறார்கள். கூலி முதலிலேயே பேசியாகிவிட்டது, நடப்பது பட்டப்பகலில், போதும் என்றால் கை நின்றுவிடும். அந்தத் தெளிவை உங்கள் ஸ்டுடியோவுக்குள் கொண்டுவர வேண்டும்.

பகலில் எடுங்கள். அவர் கை எட்டும் தாழ்ப்பாள் உள்ள அறை வேண்டும். அவர் நம்பும் ஒருவரை அழைத்து வரட்டும். உதவியாளர் தேவையா, யார் என்பதை அவர் முடிவு செய்யட்டும். எல்லோருடைய கைபேசியும், உங்களுடையதும், வெளியறையில் இருக்கட்டும். உடை மாற்றத் தனி இடமும், இடைவேளையில் போர்த்திக்கொள்ள மேலங்கியும் கொடுங்கள். இறுக்கமான உடையின் தடம் மறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், தளர்வாக உடுத்தி வரச் சொல்லுங்கள். ஏசியை நிறுத்திவிடுங்கள், குளிரில் நடுங்கும் தோள் எந்த வெளிச்சத்திலும் நன்றாக வராது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு. எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள், முடியைச் சரிசெய்யக்கூட. நிற்கும் விதத்தை உங்கள் உடம்பிலேயே செய்து காட்டுங்கள். ‘அழகாக இருக்கிறீர்கள்’ என்று சொல்லாமல் ‘இடது தோளில் நிழல் கூடுதலாக விழுகிறது’ என்று சொல்லுங்கள். அவரைச் சக கலைஞராக நடத்தும் பேச்சு அது.

நான் ஓவியம் படித்த நாள்களில் எங்களுக்கு மாடலாக உட்கார வந்த அம்மா, இடைவேளையில் சேலையைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு பலகையாகப் பார்த்து வருவார். ஒருநாள் என் படத்தின் முன் நின்று, “இந்தக் கழுத்துக்கு வலிக்கவே இல்லையே தம்பி” என்றார். அரை மணி நேரமாக ஒரே பக்கம் திரும்பி வலித்துக்கொண்டிருந்த கழுத்தை நான் பார்க்கவே இல்லை, ஒரு வளைவை மட்டும் வரைந்திருக்கிறேன். நான் கேட்ட விமர்சனங்களில் அதைவிடக் கூர்மையானது இன்றுவரை இல்லை.

முகம் இல்லாமல் படம் செத்துவிடும் என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1936-இல் தன் மாடல் கேரிஸ் வில்சனை எடுத்த புகழ்பெற்ற படத்தில் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு தலையைக் கவிழ்த்திருக்கிறார்; முகமே தெரியாது. வலது கையில் விழுந்த நிழல் வெஸ்டனுக்கு உறுத்தியதாம். கோணல் வகிடும் கொண்டை ஊசிகளும் கேரிஸுக்கு உறுத்தினவாம். ஒரே படத்தை இருவரும் இரண்டு கண்ணால் பார்த்துக் குறை சொல்லியிருக்கிறார்கள். கேரிஸ் எழுதவும் செய்தார். 1940-இல் வந்த அவர்கள் நூலில் படங்கள் வெஸ்டனுடையவை, எழுத்து கேரிஸுடையது.

பாறைகளுக்கு இப்போது போகாதீர்கள். நம் பக்கத்தில் ஆளில்லாத பாறை என்று நாம் நினைக்கும் இடத்தில் ஆடு மேய்ப்பவர் இருப்பார், குவாரிக்குப் போகிறவர் வருவார், இல்லாவிட்டால் அது வனத்துறை நிலமாக இருக்கும். பொது இடத்தில் எடுத்தால் வழக்குக்கு வழி திறக்கிறது. ஊர்ப்பேச்சின் சுமையோ முழுக்க அவர் தலையில் விழும். வெயிலில் காய்ந்த பாறை மாலையிலும் தோலைச் சுடும். வெளியில்தான் வேண்டுமென்றால், தெரிந்தவருடைய, வேலி போட்ட, உள்ளே வீடு உள்ள மாந்தோப்பைக் கேளுங்கள். காய் பறிக்கும் பருவத்தைத் தவிர்த்து, அதிகாலையில். இடத்தை அவர் முதல் நாளே வந்து பார்க்கட்டும்.

கூலி அவருடைய நேரத்துக்கு. எத்தனை படம் தேறியது என்பதற்கு அல்ல. தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள், பாதியில் நிறுத்தினாலும் திரும்பக் கேட்காதீர்கள். நாளை வேறு யார் மாடலாக வந்தாலும் வயதுச் சான்றைப் பாருங்கள். 18 நிறையாதவர் என்றால் பெற்றோரே சம்மதித்தாலும் கூடாது.

இன்று அவரை அழைத்து, ஆறு படங்களையும் அவர் முன்னால் அழிக்க எந்த நாள் வசதி என்று மட்டும் கேளுங்கள். அடுத்த படப்பிடிப்பைப் பற்றி அந்தப் பேச்சில் எடுக்க வேண்டாம். வர விருப்பமிருந்தால் அவரே கேட்பார்.