மாநகராட்சி ஊழியர்களின் உடல்நலத் திட்டத்தில் பயிற்சிக்குச் சேரலாமா?

கேள்வி கேட்டிருக்கும் தங்கை சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறார். ஒரு மாநகராட்சி தன் ஊழியர்களுக்காக நடத்தும் உடல்நலத் திட்டத்தில் எட்டு வாரப் பயிற்சிக்கு அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு இதற்குப் போகலாமா, அங்கே கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்கிறார். கொங்குப் பகுதியில் உள்ள ஒரு மாநகராட்சியில் இதே போன்ற பயிற்சியை முடித்தவள் நான். தயங்காமல் போகலாம் என்பதே என் பதில். ஆனால் அத்திட்டம் யாருக்கெல்லாம் என்று தாளில் எழுதியிருக்கிறதோ, அவர்களில் தேவை மிகுந்தவர்கள் முகாம் நடக்கும் அறைக்கு வரவே மாட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். எனக்கு அது விளங்க மூன்று வாரம் ஆயிற்று.

முகாம் வாரத்தில் இரண்டு நாள், மைய அலுவலகத்தின் இரண்டாம் மாடிக் கூட்ட அரங்கில், காலை பத்தரை மணிக்குத் தொடங்கும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு செவிலியர் வருவார். பெயர் பதிவது, உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு எடுப்பது, படிவத்தை நிரப்புவது என் வேலை. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் குறித்துவைக்க வேண்டும். நம் நாட்டவருக்கு இந்த அளவிலேயே சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வாய்ப்பு கூடிவிடுகிறது. கேட்பதற்கு எளிய எழுத்தர் வேலையாகத் தோன்றும். அப்படியில்லை என்பதை முதல் நாளே செவிலியர் அக்கா எனக்குக் காட்டினார்.

பில் கலெக்டர் ஒருவர் படியேறி வந்த வேகத்தில் உட்கார்ந்தார். கையைத் தொங்கவிட்டபடி, தன் வார்டில் வரி கட்டாத ஒரு கடைக்காரரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். நான் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தத்தை எடுத்தேன். 158/96 என்று காட்டியது. படிவத்தில் எழுதப் போன என் கையை அக்கா தடுத்துவிட்டு, அவரை முதுகு சாயும் நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு பாதங்களும் தரையில் படும்படி வைக்கச் சொன்னார். மேசை மேல் இரண்டு கோப்புகளை அடுக்கி, அவர் கை நெஞ்சு உயரத்துக்கு வரும்படி அதன்மேல் வைத்தார். ஐந்து நிமிடம் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, மறுபடி இரண்டு முறை எடுத்தார். இரண்டாவது அளவு 134/84. கைப்பட்டை சிறியதாக இருந்தாலும், கை நெஞ்சுக்குக் கீழே தொங்கினாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும், அரை மணிக்குள் டீ குடித்திருந்தாலும் அளவு கூடித்தான் காட்டும். 140/90 என்பது ஒரு மனிதரை வாழ்நாள் முழுக்க மாத்திரைக்கு அனுப்பக்கூடிய எல்லைக்கோடு. அதை நாம் அவசரத்தில் தாண்டவைத்துவிடக் கூடாது. மருத்துவமனையில் இதையெல்லாம் செய்யப் பயிற்சி பெற்றவர்கள் இருப்பார்கள், நீங்கள் பக்கத்தில் நின்று பார்ப்பீர்கள். இங்கே உங்கள் கையால் செய்வீர்கள்.

மூன்றாம் வாரம், வந்தவர்களின் பட்டியலைப் பதவிவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். எழுத்தர்கள், வருவாய் உதவியாளர்கள், பொறியியல் பிரிவினர், கணினி இயக்குநர்கள் என்று மாடியில் உட்கார்ந்து வேலை செய்பவர்களே நிறைந்திருந்தார்கள். தூய்மைப் பணியாளர்கள் மிகச் சிலர். தெருவிளக்குப் பிரிவிலிருந்தும் குடிநீர்த் தொட்டிப் பிரிவிலிருந்தும் ஒருவர்கூட இல்லை. இதற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. பத்தரை மணிக்கு அவர்கள் தெருவில் இருப்பார்கள். அதிலும் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் ஒப்பந்ததாரரின் கீழ் இருப்பவர்கள். திட்டத்தின் சுற்றறிக்கை மாநகராட்சிப் பிரிவுகளுக்குப் போயிருந்ததே தவிர ஒப்பந்ததாரருக்குப் போகவில்லை.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகம் தன் ஊழியர்களைக் கொண்டே இத்தகைய திட்டம் ஒன்றை 2016 முதல், திட்டத்துக்கு அழைக்கப்படுவோரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, சோதித்துப் பார்த்தது. ஏறக்குறைய 5,000 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், மருத்துவச் செலவிலோ, பழக்கவழக்கங்களிலோ, விடுப்பு எடுப்பதிலோ திட்டத்தால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை. திட்டத்தில் தாமாக முன்வந்து கலந்துகொண்டவர்கள், அதற்கு முன்பே மற்றவர்களைவிட நல்ல உடல்நிலையும் குறைந்த மருத்துவச் செலவும் கொண்டவர்களாக இருந்தார்கள் என்பதும் தெரியவந்தது. இதைக் கல்லூரியில் படித்தபோது வெறும் புள்ளிவிவரமாகக் கடந்துபோயிருந்தேன். என் பட்டியலை மேசையில் விரித்து வைத்துப் பார்த்த அன்றுதான் அது எனக்குப் புரிந்தது.

மாநகர நல அலுவலரிடம் அனுமதி கேட்டு, நான்காம் வாரத்திலிருந்து வார்டு அலுவலகத்தில் காலை ஐந்தரை மணிக்கு, மஸ்டர் என்னும் வருகைப் பதிவு எடுக்கும் நேரத்துக்கே போகத் தொடங்கினேன். மேற்பார்வையாளர் பெயர் கூப்பிட்டு முடித்து, பேட்டரி வண்டிகள் கிளம்புவதற்கு முன்னால் கிடைக்கும் இருபது நிமிடமே என் முகாம். அங்கே நான் கற்றதில் பெரும்பகுதி, படிவத்தில் இல்லாத கேள்விகளிலிருந்து வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம் சிறுநீர்ப் பரிசோதனைக்கான குப்பியைக் கொடுத்தேன். வாங்க மறுத்துவிட்டார். அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது என்று சற்றுமுன் சொன்னவர் அவரேதான். நிறையத் தண்ணீர் குடியுங்கள் அம்மா என்று, எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன். "குடிச்சா எங்க போறது கண்ணு? காலைல நாலு மணிக்கு வீட்டுல போனா மத்தியானம் வீட்டுக்குத் திரும்பித்தான். அதுவரைக்கும் அடக்கிக்கிட்டுத்தான் இருக்கோணும். தண்ணி குடிக்காம இருந்தா அது பாட்டுக்கு இருக்கும்" என்றார். நாங்கள் நின்றிருந்த கட்டடத்திலேயே ஒரு கழிப்பறை இருந்தது. பூட்டியிருந்தது. சாவி பத்து மணிக்கு வரும் அலுவலக உதவியாளரிடம் இருந்தது.

அந்தப் பூட்டைப் பார்த்த பிறகு என் கையிலிருந்த துண்டறிக்கையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதில் தண்ணீர் அருந்துங்கள், வாரம் 150 நிமிடம் நடங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று அச்சிட்டிருந்தது. ஒவ்வொரு சொல்லும் சரியானதுதான். ஆனால் விடியும் முன் தொடங்கி நான்கைந்து கிலோமீட்டர் தெருவைக் குனிந்து கூட்டும் ஒருவருக்கு நடைப்பயிற்சி குறையில்லை. வெறும் டீயோடு வந்து பதினோரு மணிக்கு முதல் சோறு உண்பவருக்குச் சாப்பாட்டு நேரம் அவர் கையில் இல்லை.

மாத்திரை விஷயமும் அப்படித்தான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. பெருமைப்பட வேண்டிய திட்டம் அது. ஆனால் சுகாதாரத் தன்னார்வலர் வீடு வீடாக வரும் காலை நேரத்தில், இவர்கள் வேறு யாருடைய வீட்டு வாசலிலோ குப்பை வாங்கிக்கொண்டிருப்பார்கள். இந்த இடைவெளியை அரசும் உணர்ந்தே, 2024இல் பணியிடங்களுக்கே சென்று பரிசோதிக்கும் தொழிலாளரைத் தேடி மருத்துவத்தைத் தொடங்கியது. மஸ்டர் எடுக்கும் இடமும் பணியிடம்தான் என்று எங்கள் மாநகராட்சியில் யாரும் அதுவரை எண்ணியிருக்கவில்லை.

காப்பீட்டைப் பற்றித் தெளிவாகப் படித்துவிட்டுப் போங்கள். உங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படுவது அதுவாகத்தான் இருக்கும். நிரந்தர ஊழியருக்கு அரசின் புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. நான் பயிற்சியில் இருந்தபோது மாதம் 300 ரூபாய் பிடித்தம். ஒப்பந்தப் பணியாளருக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. அவர் கூலியிலிருந்து 0.75 விழுக்காடும், முதலாளி பங்காக 3.25 விழுக்காடும் போகிறது. பணம் பிடிக்கப்படுவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனால் என்ன கிடைக்கும் என்பது அநேகருக்குத் தெரிந்திருக்கவில்லை. போதிய நாள்களுக்குப் பங்களிப்பு கட்டியிருந்தால், மருத்துவர் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள்வரை, கூலியில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். காய்ச்சலோடு வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. கைப்பேசியில் அவருடைய காப்பீட்டு எண்ணைப் போட்டு, அடையாள அட்டையைப் பதிவிறக்கி, எதிர்க் கடையில் அச்செடுத்துக் கொடுத்த பிறகே நம்பினார். எட்டு வாரத்தில் நான் செய்தவற்றுள் மிகவும் பயன்பட்டது இந்த அச்செடுப்பு என்று இன்றும் நினைக்கிறேன்.

ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். ஐந்தாம் வாரம், ஒரு வார்டின் பரிசோதனை முடிவுகளை மேற்பார்வையாளர் கேட்டார் என்று நானே தாளில் எடுத்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் மஸ்டரில், சர்க்கரை கூடுதலாக இருந்தவர்களின் பெயர்களை அவர் உரக்கப் படித்து, மருத்துவரைப் பார்க்கும்படி சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் அடுத்த நாளிலிருந்து பாதிப் பேர் என் மேசைப் பக்கமே வரவில்லை. உடம்பு சரியில்லாதவர் என்று பெயர் வந்தால் அடுத்த ஒப்பந்தத்தில் பெயர் இருக்காது என்ற அச்சம் அவர்களுக்கு. அவர்கள் என்னை நம்பிக் கொடுத்த செய்தியை நான் காக்கத் தவறினேன். பிறகு முடிவுகளை மடித்து உறையிலிட்டு அவரவர் கையில் மட்டும் கொடுத்தோம். அலுவலகத்துக்குப் பெயரில்லாத எண்ணிக்கை மட்டும் போனது. போன நம்பிக்கை முழுதாகத் திரும்பவில்லை. நீங்கள் முதல் நாளே இதை எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாடியில் உட்காருபவர்களுக்குச் சிக்கலே இல்லை என்று நான் சொல்லவில்லை. லண்டனில் அரசு ஊழியர்களை 1967 முதல் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வில், மிகக் கீழ்நிலைப் பதவிகளில் இருந்த ஆண்கள் மேல்நிலையினரைவிட ஏறக்குறைய 3 மடங்கு இதய நோயால் இறந்தார்கள். புகை, ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி மிஞ்சியது. தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதில் ஒருவருக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்ற கேள்வியைப் பிற்காலத்து ஆய்வுகள் முன்னுக்குக் கொண்டுவந்தன. பின்லாந்தில் பத்து நகரங்களின் உள்ளாட்சி ஊழியர்களைக் கவனித்த ஆய்வு இன்னும் நெருக்கமானது. 1990களின் தொடக்கத்தில் கடுமையாக ஆட்குறைப்பு நடந்த இடங்களில், வேலையில் எஞ்சியிருந்தவர்களிடையே இதய, ரத்தக்குழாய் நோய் மரணம் ஏறக்குறைய 2 மடங்காக இருந்தது. ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படாமல், மூன்று வார்டுகளின் வரியை ஒருவரே வசூலிக்கும் பில் கலெக்டரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆய்வு நினைவுக்கு வரும். அவருக்கு யோகா வகுப்பு வைத்தோம். ஆர்வத்தோடு இரண்டு நாள் வந்தார். மார்ச் வசூல் தொடங்கியதும் நின்றுவிட்டார்.

ஆகவே கடைசி வாரம் நான் கொடுத்த அறிக்கையில் ஊழியர்களின் பழக்கங்களைப் பற்றிக் குறைவாகவும், வேலை நடக்கும் விதத்தைப் பற்றிக் கூடுதலாகவும் எழுதினேன். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கையுறை, காலணி, மழைக்கோட்டு, முகக்கவசம் ஆகியவற்றைப் பணியாளர்களுக்கு உறுதிசெய்யும் பொறுப்பை உள்ளாட்சியிடம் ஒப்படைத்திருந்தன. கையுறை வழங்கப்பட்டிருந்தது உண்மை. ஒரே அளவில், பெரிய ஆண் கைக்கு ஏற்றபடி வழங்கப்பட்டிருந்தது. பெண்கள் அதைப் போட்டால் விரல் நுனியில் ஓர் அங்குலம் மடிந்து நின்று துடைப்பம் பிடிக்க விடாது. அதனால் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார்கள், கண்ணாடித் துண்டு கையைக் கிழிக்கும். அவர்கள் கையுறை அணிவதில்லை என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் பதினைந்து பேரின் கையை நூலால் அளந்து, சிறிய அளவு எத்தனை தேவை என்று எழுதிக் கொடுத்தேன். ரண ஜன்னி, மஞ்சள் காமாலைத் தடுப்பூசிகளையும் முகாமில் சேர்க்கக் கேட்டிருந்தேன்.

உங்களுக்கு நடைமுறையாகச் சொல்வதானால், கல்லூரிக் கடிதத்தோடு மாநகராட்சி ஆணையர் பெயருக்கு விண்ணப்பம் கொடுத்து, மாநகர நல அலுவலரின் கையொப்பமிட்ட அனுமதியை வாங்கிய பிறகே களத்துக்குப் போங்கள். வாய்மொழி அனுமதி ஒரு இடமாறுதலோடு மறைந்துவிடும். சேருமுன், ஒப்பந்தப் பணியாளர்கள் இத்திட்டத்தில் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தாலும் சேருங்கள், அவர்களைச் சேர்க்கும் முயற்சியையே உங்கள் களப்பணித் தலைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். தங்கும் இடத்தை, ஐந்து மணிக்கு வார்டு அலுவலகத்துக்குப் போய்ச் சேரக்கூடிய தொலைவில் பாருங்கள்.

என் அறிக்கையில் கேட்டவற்றில் தடுப்பூசி அடுத்த மாதமே நடந்தது. கையுறைக்கு அடுத்த கொள்முதலில் பார்க்கலாம் என்றார்கள். கழிப்பறைச் சாவியின் ஒரு நகலை, நான் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு, மேற்பார்வையாளர் தன் சொந்தக் காசில் செய்து அந்த அம்மாவிடமே கொடுத்தார். அவர் அதைத் தாலிக்கயிற்றில் இருந்த ஊக்கில் கோத்துக்கொண்டார்.