பினாங்கில் உள்ளூர் மக்களுக்குத் தொல்லையில்லாமல் சுற்றிப் பார்ப்பது எப்படி?

மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகரான ஜார்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும் அது ஆட்கள் குடியிருக்கும் ஊர், அருங்காட்சியகம் இல்லை. அங்குள்ள சியூ படகுத்துறையையே எடுத்துக்கொள்ளுங்கள்: கடல்மேல் கால்கள் ஊன்றி நிற்கும் மரவீடுகளில் சீனக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. பலகைப் பாதையில் தாராளமாக நடக்கலாம். சன்னலுக்குள் கைப்பேசியை நீட்டுவது, சாமி மாடத்தின் முன் நின்று செல்பி எடுப்பதெல்லாம் வேண்டாம். இருட்டிய பிறகு போகாமல் இருப்பது இன்னும் நல்லது.

பழைய வீடுகளின் வாடகையைக் குறைவாக வைத்திருந்த சட்டக் கட்டுப்பாடு 2000-இல் நீங்கியபின் பழைய குடித்தனக்காரர்கள் பலர் நகரை விட்டு வெளியேற நேர்ந்தது. அதனால், உள்ளூர்க்காரர்களுக்கான வீடுகள் இன்னும் குறையாமலிருக்க, குடியிருப்பு வீட்டை நாள்வாடகைக்கு எடுப்பதைவிட, முறையாக உரிமம் பெற்ற சிறு விடுதியே மேல் என்பேன்.

அப்புறம், கொடிமலையில் (பினாங்கு ஹில்) குரங்குக்குத் தீனி போடாதீர்கள். பழகிவிட்டால் பையைப் பறிக்கும்!