மூன்று நாள் மதுரை, நான்கு நாள் தூளி

வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான தெரபி பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவராக) முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. குறைமாதத்தில் பிறந்தவன். மூளை முடக்குவாதம் என்கிறார்கள். இரண்டு கால்களும் விறைத்துப் பின்னிக்கொள்கின்றன. வாரம் மூன்று நாள் பஸ்ஸில் மதுரைக்குத் தூக்கிப் போகிறேன். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் தெரபி. தினமும் வந்தால்தான் சீக்கிரம் நடப்பான் என்கிறார்கள். நகையை அடகு வைத்து மதுரையிலேயே வீடு எடுத்துத் தங்கிவிடலாமா? (வாசகி, அருப்புக்கோட்டை)

பதில்: நகையை அடகு வைக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கடிதத்தின் கடைசியில், "மற்ற நாள் அவனைத் தூளியில் போட்டுவிட்டுத் தையல் வேலை பார்ப்பேன்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண் அந்த வரியில்தான் நின்றது. வாரத்துக்கு 168 மணி நேரம். மூன்று நாளும் முக்கால் முக்கால் மணியாகக் கூட்டினால் தெரபி இரண்டே கால் மணி. மிச்ச நேரமெல்லாம் பிள்ளையின் உடம்பு எப்படிக் கிடக்கிறதோ அதற்குத்தான் அது பழகும். தூளி கெட்டது என்று சொல்ல மாட்டேன். விறைத்துப் பின்பக்கம் வளைகிற பிள்ளைகள் தூளிக்குள் சுருண்டதும் தளர்ந்து தூங்கிப்போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் பகல் முழுக்க அதிலேயே கிடந்தால் கை ஊன்றவும் உருளவும் எட்டி ஒன்றை எடுக்கவும் அவனுக்குத் தரை ஏது? தூங்கும்போது தூளி, விழித்திருந்தால் பாய். தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துக்கொள்ளுங்கள், கத்தரிக்கோலும் ஊசியும் மட்டும் எட்டாமல் இருக்கட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதே மாதிரி கால் பின்னுகிற ஒரு பெண் குழந்தை வரும். பிடித்துப் படுக்கவைத்துத் தொடைகளை விரித்துவிடுவேன். என்னைக் கண்டாலே அலறும். அலறினால் கால் இன்னும் விறைக்கும், நானும் இன்னும் அழுத்துவேன். ஒருநாள் அதன் ஆச்சி, "இங்க கொண்டாங்கம்மா" என்று வாங்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் காக்கா காட்டப் போய்விட்டார். ஒரு கால் ஆச்சிக்கு முன்னால், ஒரு கால் பின்னால். நான் மல்லுக்கட்டியும் விரியாத தொடை, தானாக விரிந்து தொங்குகிறது. குழந்தை சிரிக்கிறது. கல்லூரியில் இதைச் சொல்லித்தரவில்லையா என்றால், தந்தார்கள். படத்தோடு பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவள் நான்தான்.

ஆகவே அவனைத் தோளில் சாய்த்தோ இரண்டு கையில் ஏந்தியோ தூக்காமல், காலை விரித்து இடுப்பில் வையுங்கள். இன்றைக்கு வலது பக்கம் என்றால் நாளைக்கு இடது. இரண்டு சுவர் சேர்கிற மூலையில் உட்காரவைத்து, கால்களுக்கு நடுவே ஒரு போர்வையைச் சுருட்டி வைத்து, முன்னால் சின்ன ஸ்டூல் போட்டு அதில் சாமான்களைக் கொடுங்கள். மூலை அவன் தோள்களை முன்னுக்குக் கொண்டுவரும், கை விளையாட வரும். சாப்பாட்டு விஷயத்திலும் கவனம் வேண்டும். மடியில் மல்லாக்கப் போட்டு, தலை பின்னால் தொங்கச் சங்கில் புகட்டுவது நம் வீடுகளில் வழக்கம். இந்தப் பிள்ளைகளுக்கு அது புரையேறி, அடிக்கடி நெஞ்சுச் சளியில் கொண்டுபோய் விடும். நிமிர்த்தி உட்காரவைத்து, தலை லேசாக முன்னால் குனிந்திருக்கும்படி, கீழிருந்து கரண்டியைக் கொண்டுபோங்கள்.

மதுரையில் இப்படிக் கேளுங்கள்: "வாரம் ஒரு தடவை வருகிறேன். வீட்டில் செய்ய வேண்டியதை என் கையால் செய்யவைத்துப் பாருங்கள்." பிள்ளையை மட்டும் உள்ளே வாங்கிக்கொண்டு தாயை வெளி பெஞ்சில் உட்காரவைக்கிற இடம் என்றால், எனக்கு அந்த இடம் பிடிக்காது. உங்கள் மாவட்டத்திலேயே அரசு மருத்துவமனையோடு சேர்ந்த ஆரம்ப இடையீட்டு சேவை மையம் உண்டு, குறைபாட்டைச் சின்ன வயதிலேயே கண்டறிந்து பயிற்சி தருகிற இடம். 2013இல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் தொடங்கியவை இந்த மையங்கள், 18 வயது வரை கட்டணம் கிடையாது. பள்ளிக் கல்வித்துறையின் வட்டார வள மையத்திலும் பிசியோதெரபி கேட்டுப் பாருங்கள்.

நடப்பானா என்பதுதான் நீங்கள் கேட்க வந்த கேள்வி, தெரியும். இரண்டு வயதுக்குள் பிடிமானமில்லாமல் தரையில் உட்கார்ந்துவிட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் எப்படியாவது நடந்துவிடுகிறார்கள். உங்கள் மகன் உட்காருகிறானா என்று எழுதவில்லையே? உட்காரவில்லை என்றால் முயற்சியை விடச் சொல்லவில்லை, கடையில் விற்கிற சக்கர வாக்கரை வாங்கி அதில் நிறுத்தாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். அதில் நுனிக்காலால் உந்திப் பழகுவான். அப்புறம், விறைப்புள்ள பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு சத்தமில்லாமல் நழுவக்கூடும். எலும்பு மருத்துவரிடம் எக்ஸ்ரே எப்போதெல்லாம் எடுக்க வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேரனுக்கு இரண்டே முக்கால் வயது. ஒரு வார்த்தை பேச்சு இல்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. டிவி விளம்பரம் வந்தால் மட்டும் ஓடி வருகிறான், அதனால் காது நன்றாகத்தான் கேட்கிறது. அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான். மருமகள் வீணாகப் பயப்படுகிறாள். (ஒரு பாட்டி, தேனி)

பதில்: மருமகள் பக்கம்தான் நான், கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று வயதில் பேசிய பையன்களின் கதையைத்தான் ஊரில் சொல்வார்கள். பேசாமலே போனவர்களின் கதையை யார் சொல்கிறார்கள்?

விளம்பரத்துக்கு ஓடி வருவது காது கேட்பதற்கு அத்தாட்சி ஆகாது. சத்தமான பாட்டு கேட்கும், "ச", "த" மாதிரி மெல்லிய ஒலிகள் கேட்காது. அப்படியும் குறைபாடு உண்டு. அரசு மருத்துவக் கல்லூரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவில், பிள்ளையைத் தூங்கவைத்து எடுக்கிற பெரா பரிசோதனையைக் கேளுங்கள். முழுக்கக் கேட்கவில்லை என்றால் முதலமைச்சர் காப்பீட்டில், அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் வைக்கிற காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள், அதற்கு ஆறு வயதுக்குள் இருக்க வேண்டும். காது சரியாக இருந்தால் அடுத்து ஆட்டிசத்துக்குப் பார்க்கச் சொல்வார்கள். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா, உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போகிறானா என்று கவனித்துப் போய்ச் சொல்லுங்கள்.

இதற்கிடையில் உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். கேட்பதற்கு முன்னே கொடுத்துவிடுகிற பாட்டிதானே நீங்கள்? முறுக்கு டப்பாவை இறுக மூடி அவன் கையில் கொடுங்கள். திறக்க முடியாமல் உங்கள் முகத்தைப் பார்க்கட்டும். பார்த்ததும் "தொற" என்று ஒரே சொல் சொல்லித் திறங்கள். தினமும் பத்துத் தடவை. போனை அவன் கண்ணில் காட்டாதீர்கள்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள மகளுக்கு ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்று ஒரு மருத்துவமனையில் சொன்னார்கள். நிலத்தை விற்கலாம் என்று இருக்கிறோம். (வாசகர், நாமக்கல்)

பதில்: விற்காதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்கவே கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. மீறுவது மருத்துவருக்கு ஒழுங்கீனம். பேச்சுப் பயிற்சிக்கும் சிறப்புக் கல்விக்கும் போகிற இடத்தில், சொல்லித்தருபவருக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மகனுக்கு மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தால் வாழ்நாள் முழுக்க முத்திரை குத்தியது போல ஆகிவிடாதா? (பெயர் வேண்டாம், திருச்சி)

பதில்: அட்டை அலமாரியில் இருக்கும், நெற்றியில் ஒட்ட மாட்டார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு குறைந்தது நாற்பது சதவீதம் இருக்க வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும் மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவும் அதில் சேரும். பத்தாம் வகுப்பில் கூடுதலாக ஒரு மணி நேரமோ, எழுதித்தர ஒரு ஆளோ கேட்கும் நாளில் இந்த அட்டையைத்தான் தேடுவீர்கள். அட்டைக்கான முகாமுக்குப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், போட்டோ, பழைய மருத்துவச் சீட்டுகள் எல்லாம் வேண்டும். பிள்ளைக்குச் சோறும் மாற்றுத்துணியும் எடுத்துப் போங்கள், வரிசை நீளமாக இருக்கும்.