பூக்மோல் யாருடைய பேச்சு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒஸ்லோவில் வகுப்புக்குச் சென்று நோர்வேஜிய மொழி கற்றேன், தேர்விலும் தேறினேன். செய்தித்தாள் படிப்பதில் இப்போது எனக்குச் சிரமமில்லை. வேலையின் பொருட்டு வட நோர்வேயிலுள்ள துரொம்சோவுக்குக் குடிபெயர்ந்த பின், உடன் பணிபுரிவோர் தமக்குள் பேசுவதில் பாதிகூட விளங்குவதில்லை. 'நான்' என்பதற்கு நான் படித்த சொல்லை இங்கு ஒருவரும் சொல்வதில்லை. ஆகாரத்துக்கும் ஏகாரத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஒலியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கைபேசியில் அனுப்பும் செய்திகளிலும் அப்படியே எழுதுகிறார்கள். நான் கற்றது எழுத்துமொழி மட்டும்தானா? இது நம்முடைய எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் போன்றதா? நானும் இவர்களைப் போலப் பேசப் பழக வேண்டுமா?

க., துரொம்சோ

அன்புள்ள க. அவர்களுக்கு,

நீங்கள் கற்ற பூக்மோல் என்பது எழுதும் முறை ஒன்றின் பெயர். நோர்வேயில் எழுத்துக்கு இரண்டு அதிகாரபூர்வ வடிவங்கள் உண்டு: பூக்மோல், நீநொர்ஸ்க். பேச்சுக்கு அப்படி ஒரு வடிவத்தை எந்தச் சட்டமும் வரையறுக்கவில்லை. உங்கள் வகுப்பில் கேட்டது ஒஸ்லோவையும் அதைச் சுற்றிய கிழக்குப் பகுதியையும் சேர்ந்த படித்தவர்களின் பேச்சு. அது பூக்மோல் எழுத்துக்கு மிக அருகில் இருப்பதால், இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் வெளியிலிருந்து வந்து கற்பவர்களிடம் இயல்பாகவே உருவாகிவிடுகிறது. ஆனால் ஒஸ்லோவிலும் அவை ஒன்றல்ல. 'அது' என்ற பொருளுள்ள சொல்லின் இறுதியில் எழுதப்படும் 'ட்' ஒலிப்பதில்லை. 'உம்' என்னும் இணைப்புச் சொல்லின் இறுதி மெய் பேச்சில் பெரும்பாலும் மறைந்து, வினையெச்சத்துக்கு முன் வரும் சிறு சொல்லைப் போலவே ஒலிப்பதால், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் எழுதும்போது இவ்விரண்டையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். பள்ளி ஆசிரியர்கள் ஆண்டுதோறும் திருத்தும் பிழைகளில் இது முதன்மையானது.

இந்த இடைவெளி ஏன் வந்தது என்பதை அறிந்தால் உங்கள் திகைப்பு பெரிதும் குறையும் என்று நினைக்கிறேன். டென்மார்க்குடன் இணைந்திருந்த நூற்றாண்டுகளில் நோர்வேயின் பழைய எழுத்துமொழி அழிந்தது. அரசாணையும், கிறித்தவ சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் வந்த விவிலியமும், பள்ளிப் பாடமும் டேனிய மொழியில் இருந்தன. மக்கள் மட்டும் தத்தம் பள்ளத்தாக்கின் பேச்சையே பேசிவந்தார்கள். 1814-இல் அந்த இணைப்பு முறிந்தபோது, நாட்டுக்கு ஓர் அரசியல் சாசனம் கிடைத்தது. ஆனால் அதை எழுதிய மொழி அண்டை நாட்டுடையது. இதைச் சரிசெய்ய இருவர் இரண்டு வழிகளைக் காட்டினார்கள். பள்ளி ஆசிரியரான க்னூட் க்னூட்சென், நகரத்துப் படித்தவர்களின் அன்றாடப் பேச்சை அளவுகோலாகக் கொண்டு டேனிய எழுத்தைப் படிப்படியாக மாற்றலாம் என்றார். மேற்குக் கரையின் உழவர் குடும்பத்தில் பிறந்த ஈவார் ஓசென், 1842 முதல் 1846 வரை ஊர் ஊராகச் சென்று பேச்சு வழக்குகளைத் திரட்டி, 1848-இல் இலக்கணமும் 1850-இல் அகராதியும் வெளியிட்டார். 1885-இல் நாடாளுமன்றம் இரண்டு வடிவங்களுக்கும் சமநிலை அளித்தது. முதல் வழியில் உருவானதற்குப் பூக்மோல், ஓசெனின் வழியில் உருவானதற்கு நீநொர்ஸ்க் என்ற இன்றைய பெயர்கள் 1929-இல் வந்தவை.

பிறகு இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்று அரசு நீண்டகாலம் முயன்றது. 1917, 1938 ஆண்டுகளின் எழுத்துச் சீர்திருத்தங்கள் அந்த நோக்கில் செய்யப்பட்டவை. 1950-களில் பெற்றோர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தம் பிள்ளைகளின் பாடநூல்களைத் தம் கையாலேயே திருத்தியவர்களும் இருந்தார்கள். 2002-இல் அந்தக் கொள்கை முறைப்படி கைவிடப்பட்டது. அது விட்டுச்சென்றவைதான் இன்றும் பூக்மோலில் நீங்கள் காணும் இரட்டை வடிவங்கள்: 'அந்தப் புத்தகம்' என்பதை 'பூக்கென்' என்றும் எழுதலாம், 'பூக்கா' என்றும் எழுதலாம், இரண்டும் சரி. உங்கள் வகுப்பில் ஒன்றை மட்டும் கற்பித்திருந்தால் மற்றது உங்களுக்குப் பிழையாகத் தோன்றியிருக்கும்.

இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் ஆண்டு 1878. பள்ளியில் கற்பித்தல், இயன்ற அளவு, குழந்தைகளின் சொந்தப் பேச்சுமொழியிலேயே நடக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் அந்த ஆண்டு முடிவெடுத்தது. எழுத்துக்கு விதி உண்டு, வாய்க்கு விதி இல்லை என்ற நிலை அங்கேதான் வேரூன்றியது. வாய்மொழிக் கற்பித்தலில் எந்த வழக்கைப் பேசுவது என்பதை மாணவரும் ஆசிரியரும் தாமே தீர்மானிக்கலாம் என்று கல்விச் சட்டமும் பின்னர் கூறியது. நாடாளுமன்ற உறுப்பினர் தம் ஊர் வழக்கிலேயே உரையாற்றுகிறார். அவைக் குறிப்பில் அவ்வுரை பூக்மோலிலோ நீநொர்ஸ்க்கிலோ பதிவாகிறது. பேச்சை எழுத்துக்கு ஏற்ப மாற்றச் சொல்லாமல், எழுதுபவர் பேச்சை எழுத்துக்கு மாற்றிக்கொள்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

இது தானாகக் கனிந்த நிலை அல்ல. ஒஸ்லோவுக்கு வந்த வடக்கத்தியர் தம் பேச்சை மறைத்துக்கொண்ட காலம் உண்டு. வானொலிச் செய்தியும் நெடுங்காலம் வட்டார வழக்கை அனுமதிக்கவில்லை. 'வட்டார வழக்கில் பேசு, நீநொர்ஸ்க்கில் எழுது' என்ற முழக்கத்தோடு 1970-களில் இளைஞர்கள் எழுப்பிய இயக்கம்தான் அந்தக் கூச்சத்தைப் பெருமளவு போக்கியது. மேலும், நீங்கள் வடக்கில் வாழ்வதால் இதையும் சொல்லியாக வேண்டும்: 1878-இன் பெருந்தன்மை நோர்வேஜிய வழக்குகளோடு நின்றுவிட்டது. வடக்கின் பழங்குடி மக்களின் சாமி மொழியையும், பின்னிய மொழிக்கு நெருங்கிய குவேன் மொழியையும் பேசிய குழந்தைகளுக்கு அது கிட்டவில்லை. பள்ளியில் அம்மொழிகளின் பயன்பாட்டை 1898-இன் அறிவுறுத்தல் ஒன்று மிகக் கடுமையாகக் குறுக்கியது. அந்த நோர்வேமயமாக்கல் விளைத்த தீங்குகளை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2023-இல்தான் தன் அறிக்கையை அளித்தது. வட்டார வழக்குகளைப் போற்றிய ஒரு நாடு அண்டை வீட்டு மொழியை ஒடுக்கியதை நான் மன்னிக்கத்தக்க முரணாகக் கருதவில்லை.

பேச்சை ஆணையால் மாற்ற அரசு முயன்ற ஒரு நிகழ்வு உண்டு. எண்களைச் சொல்லும் முறை அது. முன்பு 'ஒன்றும் இருபதும்' என்ற வரிசையில்தான் 21-ஐச் சொன்னார்கள். தொலைபேசி எண்களைச் சொல்வதில் நேர்ந்த குழப்பம் ஒரு காரணமாக, 1951 முதல் 'இருபத்தொன்று' என்ற வரிசை பள்ளிக்கும் வானொலிக்கும் விதியாக்கப்பட்டது. பள்ளியில் புதிய முறை நிலைத்தது. ஆனாலும் பழைய வரிசையை வீட்டிலும் கடையிலும் இன்றும் கேட்கலாம். ஒருவரே தொலைபேசி எண்ணைப் புதிய முறையிலும் தம் வயதைப் பழைய முறையிலும் சொல்வதுண்டு. ஆகவே துரொம்சோவில் விலையோ நேரமோ கேட்கும்போது இரண்டு வரிசைகளுக்கும் காதைத் தயாராக வைத்திருங்கள்.

தமிழோடு ஒப்பிட்டுக் கேட்டிருந்தீர்கள். ஒற்றுமையைவிட வேற்றுமையே பெரிது என்பது என் கருத்து. நம்மிடம் மேடைக்கும் செய்திக்கும் உரிய தமிழ் ஒன்று இருக்கிறது. அதை வீட்டில் யாரும் பேசுவதில்லை, ஆனால் மேடை ஏறியதும் பலரும் அதற்கு மாறுகிறோம். நோர்வேயில் மேடை ஏறுபவர் தம் பேச்சை மாற்றுவதில்லை. சமையலறையிலும் பல்கலைக்கழகத்திலும் அவர் சொல்வது ஒரே 'நான்'தான். அதனால் அங்கே உயர்ந்த பேச்சு, தாழ்ந்த பேச்சு என்ற அடுக்கு நம்முடையதைப் போல உறுதியாக அமையவில்லை; பல வழக்குகள் அருகருகே நிற்கின்றன.

உங்களுக்கு விளங்காமல் போவதற்குச் சொற்கள் மட்டும் காரணமல்ல. 'என்ன', 'யார்', 'எங்கே' என்னும் வினாச்சொற்கள் ஒஸ்லோவில் வகர ஒலியில் தொடங்க, துரொம்சோவில் ககரத்தில் தொடங்கி 'கா', 'கெம்', 'கூர்' என வருகின்றன; இவற்றைச் சில வாரங்களில் பழகிவிடலாம். கடினமானது இசை. அழுத்தம் பெறும் அசையில் ஒஸ்லோக்காரரின் குரல் தாழ்ந்து பின் எழுகிறது. வடக்கிலோ அதே அசையில் குரல் உயர்ந்து ஒலிக்கிறது. சொல்லின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்க உங்கள் செவி பழகியிருந்த அடையாளம் இங்கே தலைகீழாக இருப்பதால், தெரிந்த சொல்லும் தெரியாததாகக் கேட்கிறது. வடக்கு வட்டார வானொலியைக் கேட்பதும், பேசுபவரிடம் அதே சொற்களை மெதுவாக மறுபடி சொல்லக் கேட்பதும் இதற்கு உதவும். ஆங்கிலத்துக்கு மாறிவிட வேண்டாம் என்று வெளிப்படையாகவே கேளுங்கள்.

அவர்களைப் போலப் பேச வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. நீங்கள் பேசுவது கிழக்கு வழக்கு; துரொம்சோவில் அனைவருக்கும் அது புரியும். 1980-களில் நாட்டின் வடகோடியான பின்மார்க்கின் கரையோர மீன் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்த இலங்கைத் தமிழர்களுக்கு முதலில் காதில் விழுந்தது வடக்குப் பேச்சு. உங்களுக்கு ஒஸ்லோப் பேச்சு. எது முதலில் வந்ததோ அதுவே அடித்தளமாகட்டும். எழுத்தில் மட்டும் பூக்மோலை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பமும் அலுவல் கடிதமும் வட்டார வழக்கில் அல்லாமல் அதிலேயே அமையட்டும். கைபேசிச் செய்திகளில் நண்பர்கள் எழுதும் வட்டார வழக்குக்கு எழுத்து விதி கிடையாது. அவரவர் காதுக்குக் கேட்டபடி எழுதுகிறார்கள். அதை வாய்விட்டுப் படித்தால் பொருள் விளங்கிவிடும்; பதிலை நீங்கள் பூக்மோலிலேயே அனுப்பலாம்.