மும்பை குடிசைப் பகுதியில் இடம், கோலி (குடியிருக்கும் அறை), கடை வைத்திருப்பவர்களுக்கு: இழப்பீடு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, குர்லாவில் அப்பா அந்தக் காலத்தில் வாங்கிப் போட்ட இடத்தில் இப்போது நூறு குடிசை இருக்கிறது. அரசு எடுத்துக்கொண்டால் மார்க்கெட் விலை தருவார்களா?

தரமாட்டார்கள், தம்பி. மகாராஷ்டிர குடிசைப் பகுதிச் சட்டம் 1971இல் வந்தது. அதன்படி நிலத்துக்கு விலை போடுவதே இல்லை, வாடகையைத்தான் பார்ப்பார்கள். கடைசி ஐந்து வருடத்தில் நிஜமாகக் கைக்கு வந்த வாடகையை எடுத்து, மாதச் சராசரி போடுவார்கள். அதில் வரி, வசூல், ரிப்பேர் என்று 40 சதவீதத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்தை 60 மடங்கு ஆக்குவார்கள்.

உங்கள் கணக்கையே போடுவோம். நூறு குடிசையும் மாதம் 50 ரூபாய் தருவதாக வைத்துக்கொண்டால் 5,000. கழிவு போக 3,000. அறுபது மடங்கு என்றால் 1,80,000 ரூபாய். அவ்வளவு பெரிய மனைக்கு இதுதான் தொகை! பாதிப் பேர் வாடகையே தருவதில்லை என்றால் இதுவும் குறையும்.

கேள்வி: 2013 நிலம் எடுப்புச் சட்டத்தில் இரட்டிப்பாகத் தருகிறார்களே?

அது வேறு சட்டம். அதன்படி எடுத்தால் சந்தை மதிப்பும், அதற்கு மேல் 100 சதவீத ஆறுதல் தொகையும் உண்டு. குடிசைச் சட்டத்தில் எடுத்தால் மேலே சொன்ன கணக்குதான். ஒரே தெருவில் இரண்டு மனை, எடுக்கும் சட்டம் வேறு என்பதற்காக இப்படி மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் வருவது அநியாயம் என்றுதான் சொல்வேன். ஆனால் இதை வைத்துக் கோர்ட்டுக்குப் போவது சுலபமில்லை. மகாராஷ்டிர வீட்டு வசதிச் சட்டத்தில் இதே மாதிரி 100 மடங்குக் கணக்கு இருந்தது, அது செல்லும் என்று 1986லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேள்வி: அப்போது கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதானா, அண்ணாச்சி?

இல்லவே இல்லை. இழப்பீட்டுக்குச் சண்டை போடுவதைவிட, நிலத்தை எடுக்கும் முன்பே முந்திக்கொள்ளுங்கள். இடத்தை மறுசீரமைக்கும் முதல் உரிமை நிலத்துக்காரருக்குத்தான். பாந்த்ராவில் ஒரு தேவாலய நிலம் சம்பந்தமான வழக்கில் 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வு ஆணையம்) முதலில் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட வேண்டும், அந்த உரிமை முடியும்வரை நிலத்தை எடுக்கக் கூடாது.

அதனால் நோட்டீஸ் வந்தால் பீரோவில் போட்டுப் பூட்டாதீர்கள். கெடு தாண்டினால் உரிமையும் போய்விடும். ப்ராப்பர்ட்டி கார்டில் (நில உரிமைப் பதிவில்) இன்னும் அப்பா பேர், தாத்தா பேர் இருந்தால் முதல் வேலையாக மாற்றுங்கள். நோட்டீஸ் அந்தப் பேருக்கும் பழைய விலாசத்துக்கும்தான் போகும்.

கேள்வி: குடியிருப்பவர்களைக் காலி செய்யச் சொல்லி நானே கேஸ் போடலாமா?

குடிசைச் சட்டப்படி உள்ள அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் முடியாது. அவர்களும் நம்மைப் போல வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவர்கள்தான், பேசித் தீர்ப்பதே நல்லது.

கேள்வி: அண்ணா, தாராவியில் எங்கள் கோலி கீழேயும் மேலேயும் இருக்கிறது. கீழே நாங்கள், மேலே வாடகைக்கு. மறுசீரமைப்புத் திட்டத்தில் இரண்டுக்கும் வீடு கிடைக்குமா?

கீழ்த்தளம் 2000 ஜனவரி 1க்கு முந்தையது என்று நிரூபித்தால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி, இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1க்குள் வந்தது என்றால் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் கட்ட வேண்டும். மாடிக்குத் தாராவியில் இடமில்லை. வெளியே வாடகைத் திட்டத்தில்தான், அதுவும் 2022 நவம்பர் 15க்கு முன் இருந்திருக்க வேண்டும். மாடி வாடகையை நம்பிக் குடும்பம் நடத்தும் அக்காமார் எத்தனை பேர்! அந்த வருமானத்துக்கு எந்த ஈடும் இல்லை என்பது எனக்குப் பெரிய மனவருத்தம்.

போட்டோ பாஸ் (குடிசைவாசிக்கு அரசு தந்த படம் ஒட்டிய அட்டை), பழைய கரண்ட் பில், வோட்டர் லிஸ்ட் நகல் எல்லாவற்றிலும் பேரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், தங்கச்சி. செல்வி, செல்வம்மாள் என்று மாறியிருந்தால் இப்போதே அஃபிடவிட் போட்டுவிடுங்கள். சர்வேக்கு ஆள் வந்து நிற்கும்போது நேரம் இருக்காது.

கேள்வி: எனக்கு 400 சதுர அடியில் இட்லிக் கடை. அதற்குப் பதில் எவ்வளவு இடம் கிடைக்கும்?

எஸ்.ஆர்.ஏ. பொது விதிப்படி 225 சதுர அடிதான் இலவசம். மிச்சம் வேண்டுமென்றால், இடம் இருந்தால், வணிக விலைக்கு வாங்க வேண்டும். கடை லைசென்ஸ் உங்கள் பேரில்தானே இருக்கிறது? அதைச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பார்ப்போம்.