வாரத்துக்கான சமையல்: ஞாயிறே பாதி வேலையை முடிப்பது எப்படி?

கேள்வி: திருமங்கலத்திலிருந்து தினமும் மதுரைக்கு வேலைக்குப் போகிறேன். காலை 7.30-க்கு பஸ். இரண்டு பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையே சாம்பார், பொரியல், சாதம் என்று மொத்தமாகச் செய்து ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தேன். புதன்கிழமை ஆனால் யாரும் தொடுவதில்லை, கீழே கொட்ட வேண்டியிருக்கிறது. பழசைக் கொடுக்கக் கூடாது என்று மாமியார் சத்தம் போடுகிறார். எங்களிடம் இருப்பது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்தான். உருப்படியான வழி ஏதாவது உண்டா?

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. முக்கியமாக, சாதத்தை நாள்கணக்கில் வைக்கவே வேண்டாம். அரிசியில் இயல்பாகவே இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது. வடித்த சாதம் வெளியில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த நச்சு போகாது. குக்கரில் சாதம் வைக்க இருபது நிமிடம்தான் ஆகிறது, அதைத் தினமும் செய்துவிடுங்கள்.

மற்ற எதையும் முழுதாகச் சமைத்து வைக்காதீர்கள். எந்தக் கட்டத்தில் நிறுத்தினால் கெடாதோ, ருசி குறையாதோ, அங்கே நிறுத்தி வையுங்கள். காய் வெந்து பருப்போடு கலந்த சாம்பார் மூன்றாம் நாள் குழைந்து வாடை அடிக்கும். அதற்கான வதக்கல் மட்டும் தனியாக இருந்தால் ஐந்தாம் நாளும் நன்றாக இருக்கும். இந்த வதக்கல்தான் உங்கள் வாரத்தைத் தாங்கப் போகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரைக் கிலோ சின்ன வெங்காயம், ஒரு கிலோ நாட்டுத் தக்காளி, ஒரு கைப்பிடி பூண்டு. அடிகனமான சட்டியில் தாராளமாக நல்லெண்ணெய் விட்டு, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயத்தையும் பூண்டையும் பொன்னிறமாக வதக்குங்கள். அப்புறம் தக்காளி, மஞ்சள்தூள், உப்பு. தக்காளி முதலில் தண்ணீர் விடும், சத்தமாகக் கொதிக்கும். அந்தத் தண்ணீர் வற்ற வற்ற சத்தம் அடங்கி, மசாலா சுருண்டு, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடிக்கொள்ளக் கூடாது. அதுதான் பதம். ஈரம் போய், புளிப்பும் உப்பும் எண்ணெயும் சேர்ந்திருப்பதால் சீக்கிரம் கெடாது. ஆறியதும் நான்கு சின்ன டப்பாக்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரே டப்பாவில் வைத்துத் தினமும் கரண்டி விட்டால் சீக்கிரம் கெட்டுவிடும்.

திங்கட்கிழமை ஒரு டப்பாவோடு வேகவைத்த பருப்பும் சாம்பார் பொடியும் சேர்த்தால் சாம்பார். செவ்வாய் புளித்தண்ணீரும் சுண்டைக்காய் வற்றலும் போட்டால் காரக்குழம்பு. புதன் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் போட்டுக் கொதிக்கவிட்டு, முட்டையை உடைத்து ஊற்றுங்கள். வியாழன் பிள்ளைகளுக்குத் தக்காளி சாதம். நான்கு நாளும் நான்கு ருசி, பழசு என்று யாரும் முகம் சுளிக்க முடியாது. வெள்ளிக்கிழமைக்குப் புளிக்காய்ச்சல் ஒரு பாட்டிலில் இருந்தால் போதும். புளிச்சாதம் மதியம் வரை டப்பாவில் நன்றாகவே தாங்கும். தேங்காய்ச் சாதத்தைச் சித்திரை, வைகாசி வெயிலில் கட்டிக் கொடுக்காதீர்கள்.

அடுத்து மாவு. நாலுக்கு ஒன்று இட்லி அரிசியும் உளுந்தும், ஒரு ஸ்பூன் வெந்தயம். கோடையில் மதுரைப் பக்கம் மாவு ஆறேழு மணி நேரத்தில் பொங்கி வழிந்துவிடும். அதனால் குளிர்ந்த தண்ணீர் விட்டு அரையுங்கள். அரைத்ததும் பாதி மாவைப் புளிக்க விடாமல் அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். புதன்கிழமை மாலை வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்து வைத்தால், வியாழன் காலை புது மாவு மாதிரி இட்லி கிடைக்கும். தொட்டுக்கொள்ள தேங்காய்ச் சட்னியை முன்கூட்டியே அரைக்க வேண்டாம். தேங்காயைத் துருவி ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு இட்லிப் பொடி இருக்கவே இருக்கிறது.

காய்கறியில் முக்கியமானது எதை முதலில் சமைப்பது என்பதுதான். கீரையைத் திங்கட்கிழமையே முடித்துவிடுங்கள். வெண்டைக்காய் செவ்வாய். பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ் நறுக்கி, ஈரமில்லாமல் துணி விரித்த டப்பாவில் வைத்தால் வியாழன் வரை இருக்கும். சேனையும் பூசணியும் நறுக்காமல் கிடக்கட்டும், வாரக் கடைசிக்கு ஆகும். கத்தரிக்காய், வாழைக்காயை அன்றன்றைக்கு நறுக்குங்கள், கருத்துப்போகும். மதுரை அண்ணாநகர் பக்கம் வர வாய்ப்பிருந்தால் உழவர் சந்தையில் காலையிலேயே வாங்குங்கள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அதுதான், 1999 நவம்பரில் தொடங்கியது. காலையில் பறித்து வந்த காய் இரண்டு நாள் கூடுதலாகத் தாங்கும்.

சனிக்கிழமை இரவே கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ ஊறப்போட்டு, ஞாயிறு வேகவைத்து, தண்ணீரை வடித்து ஃப்ரீசரில் வையுங்கள். சுண்டலுக்கும் ஆகும், குழம்பிலும் போடலாம். வேகவைத்த துவரம்பருப்பு கீழ்த்தட்டில் இரண்டு மூன்று நாள் இருக்கும்.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜே இதற்குப் போதும். உள்ளே 5 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கதவுத் தட்டில்தான் குளிர் குறைவு. மாவையும் பருப்பையும் அங்கே வைக்காமல் உள்தட்டில் வையுங்கள். சூடான குழம்பைப் பெரிய பாத்திரத்தோடு உள்ளே வைத்தால் நடுப்பகுதி ஆற நெடுநேரம் ஆகும். அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். எடுத்ததைத் தளதளவென்று கொதிக்கவிட்டுத்தான் பரிமாற வேண்டும். மிஞ்சினால் மறுபடி உள்ளே வைக்காதீர்கள். உரித்த பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள், அது ஆபத்து.

பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்துகிற நாளும் உண்டு. முந்தின நாளே அறிவிப்பு வந்துவிடும், அதைக் கவனியுங்கள். கதவைத் திறக்காமல் வைத்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம்தான் குளிரைப் பிடித்திருக்கும். பெரிய பாட்டிலில் தண்ணீரை நன்றாகக் குளிரவைத்து முந்தின இரவே உள்ளே அடுக்கினால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அந்த நாள் மாலை, வெந்த பருப்பு சில்லென்று இல்லையென்றால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். வதக்கலையும் மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். நச்சு இருக்கிற சாப்பாடு எல்லாமே வாடை அடிக்காது. மாவு கொஞ்சம் கூடுதலாகப் புளித்திருந்தால் பயமில்லை, வெங்காயம் நறுக்கிப் போட்டு ஊத்தப்பம் ஊற்றிவிடலாம்.