சதுரங்கள் சரி, வரிசைகள் ஏன் கோணல்?

கேள்வி: பழைய பருத்திச் சட்டைகளை ஐந்து இன்ச் சதுரங்களாக வெட்டி, நான்கு வயது மகளுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறேன். வரிசைக்கு எட்டுச் சதுரம், மொத்தம் பத்து வரிசை. வெட்டியது எல்லாம் ஒரே அளவுதான். ஆனால் தைத்தபின் வரிசைகளுக்குள் முக்கால் இன்ச் வரை வித்தியாசம் வருகிறது, மூலைகள் சேரவில்லை. சாதாரணத் தையல் மிஷின்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி தொடங்கவா?

பதில்: தூக்கிப்போட வேண்டாம். உங்கள் சதுரங்களில் குறையில்லை, தையல் ஓடிய இடத்தில்தான் இருக்கிறது. ஒட்டுத்துணி வேலையில் ஓரத்திலிருந்து கால் இன்ச் உள்ளே தைப்பது வழக்கம். அந்தக் கால் இன்ச்சில் ஒன்றரை மில்லிமீட்டர் கூடிவிட்டது என்று வையுங்கள். ஒரு தையலில் இரண்டு துணிகள் சேர்வதால் இழப்பு மூன்று மில்லிமீட்டர். எட்டுச் சதுரத்துக்கு ஏழு தையல். கூட்டினால் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அதாவது கிட்டத்தட்ட நீங்கள் சொல்லும் முக்கால் இன்ச். ஒரு தையலைப் பார்க்கும்போது கண்ணுக்கே தெரியாது. வரிசை முடியும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷின் பாதத்தின் ஓரத்தைக் கால் இன்ச் என்று நம்பித் தைப்பவர்கள் அதிகம். பல மிஷின்களில் அது கால் இன்ச் இல்லை. இன்ச் டேப்பை ஊசிக்கு அடியில் வைத்து, சக்கரத்தைக் கையால் திருப்பி, ஊசி முனை கால் இன்ச் கோட்டில் தொடும்படி இறக்குங்கள். இன்ச் டேப்பின் முனை முடியும் இடத்தில், மிஷின் தட்டின் மேல் ஒட்டும் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டிவிடுங்கள். துணியை நகர்த்தும் பல்லை மட்டும் மறைக்கக் கூடாது. இப்போது ஒரு சின்ன மேடு கிடைத்துவிட்டது. துணியின் ஓரம் அந்த மேட்டை உரசிக்கொண்டே போனால் போதும், ஊசியைப் பார்க்கவே வேண்டாம்.

சரி, இது சரியாக வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூன்று சதுரங்களை வரிசையாகத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுச் சதுரத்தை மட்டும் அளந்து பாருங்கள். சரியாக நாலரை இன்ச் இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால் ஒட்டிய டேப்பை ஒரு நூல் இழையின் தடிமன் அளவு ஊசிப் பக்கம் நகர்த்துங்கள். மடிப்பே கொஞ்சம் துணியைச் சாப்பிடும் என்பதால், கால் இன்ச்சுக்கு ஒரு நூல் இழை அளவு குறைவாகத் தைப்பதுதான் சரியான அளவைத் தரும். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஆகும், அதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள்.

எட்டுச் சதுர வரிசை 36½ இன்ச் வர வேண்டும். உங்கள் பத்து வரிசைகளையும் அளந்து, நீளம் தப்பியவற்றில் எந்த நடுச் சதுரம் நாலரை இன்ச் இல்லையோ, எந்தக் கடைசிச் சதுரம் (ஒரு பக்கம் மட்டும் தைத்தது) நாலே முக்கால் இன்ச் இல்லையோ, அதன் பக்கத்துத் தையலை மட்டும் பிரியுங்கள். ஒரு பக்க நூலை மூன்று நான்கு தையலுக்கு ஒரு வெட்டாக வெட்டிவிட்டு, மறுபக்க நூலை இழுத்தால் முழுதாகக் கழன்று வந்துவிடும். குறைந்த வரிசையை இழுத்துப் பிடித்து நீளமாக்கித் தைக்க மட்டும் போகாதீர்கள். முதல் துவைப்பிலேயே அந்த இடம் சுருங்கி அலை அலையாக நிற்கும்.

மூலைகள் சேர்வதற்கு இஸ்திரிதான் வழி. ஒற்றைப்படை வரிசைகளில் உள்பக்கத் தையல் மடிப்புகளை எல்லாம் வலப்பக்கம் சாய்த்து அழுத்துங்கள், இரட்டைப்படை வரிசைகளில் இடப்பக்கம். இரண்டு வரிசைகளை நல்ல பக்கம் உள்ளே வரும்படி சேர்த்துப் பிடித்து, மூலையில் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வைத்து உருட்டிப் பாருங்கள். ஒன்றின் மேடு மற்றதன் மேட்டோடு முட்டி, அதற்கு மேல் நகராமல் நிற்கும். அங்கே ஒரு குண்டூசி குத்துங்கள். பெட்டியைத் தேய்த்து இழுக்காமல், வைத்து வைத்து எடுங்கள்; தேய்த்தால் சதுரம் கோணலாகும்.

அப்புறம் போர்வையின் பின்பக்கமாக வரும் அடித்துணி. சட்டைகள் பலமுறை துவைத்தவை, இனிச் சுருங்கப்போவதில்லை. அடிக்குப் புதுத் துணி எடுத்தால் முதலில் துவைத்துக் காயவைத்துவிடுங்கள். அது சுற்றிலும் நான்கு இன்ச் பெரிதாக இருக்கட்டும். நல்ல பக்கம் கீழே இருக்கும்படி தரையில் விரித்து, விறைப்பாக, ஆனால் இழுபடாமல் டேப்பால் ஒட்டுங்கள். மேலே பஞ்சு விரிப்போ, பழைய பருத்திப் போர்வையோ. அதன்மேல் உங்கள் சதுரங்கள். நடுவிலிருந்து தொடங்கி, மூடிய கை முஷ்டியின் அகலத்துக்கு ஒரு ஊக்கு என மூன்றையும் சேர்த்துக் குத்துங்கள். ஊக்கில் கஞ்சத்தனம் செய்தால் அடித்துணியில் சுருக்கம் விழும், அதைத் தைத்து முடித்த பிறகுதான் பார்ப்பீர்கள்.

மூன்றையும் இணைக்கும் தையலையும் நடுவிலிருந்தே ஆரம்பித்து வெளிப்பக்கம் போங்கள். தையல் நீளம் மூன்று மில்லிமீட்டர் வைத்து, பாதத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சதுரங்கள் சேரும் கோட்டின் மேலேயே தைத்தால் ஒரு நூல் விலகினாலும் பளிச்சென்று தெரியும். கோட்டுக்கு இருபுறமும் கால் இன்ச் தள்ளித் தையுங்கள், பார்க்கவும் அழகு. இதற்கு 14-ஆம் எண் ஊசி நல்லது.

ஓரத்துக்குத் தனிப் பட்டி வேண்டாம். மேல்துணியையும் பஞ்சையும் சமமாக வெட்டி, அடித்துணியை மட்டும் ஒரு இன்ச் வெளியே விடுங்கள். அதை அரை இன்ச் மடித்து, இன்னொரு மடிப்பாக மேல்பக்கம் கொண்டுவந்து தையுங்கள். மூலைகளில் மட்டும் முதலில் ஒரு சின்ன முக்கோணமாக உள்ளே மடித்துவிட்டு, பிறகு இரு பக்க மடிப்புகளையும் கொண்டுவாருங்கள். மூலை தடிக்காது, நூலும் வெளியே எட்டிப் பார்க்காது.